கியூஆர், கேட்வே, பேபால்: காரைக்குடி சேலைக் கடையிலிருந்து ஒரு ரிவ்யூ

எங்கள் கடையின் கல்லாப்பெட்டி அப்பா காலத்துத் தேக்குப் பெட்டி. பத்து வருஷத்துக்கு முன்னால் முகூர்த்த மாதத்தில் சனிக்கிழமை சாயங்காலமானால் அதன் மூடி சரியாக மூடாது, அவ்வளவு நோட்டு. இப்போது அதற்குள் ரப்பர் பேண்டும், பழைய பில் புத்தகமும், யாரோ தள்ளிவிட்டுப் போன ஒரு கிழிந்த இருபது ரூபாயும்தான் கிடக்கின்றன. பணமெல்லாம் சுவரில் ஒட்டிய ஒரு சதுரக் கட்டத்துக்குள் போகிறது. அது எங்கே போகிறது, என்னிடம் எப்போது வருகிறது, வந்தது என்னிடமே நிற்குமா என்பதையெல்லாம் புரிந்துகொள்ள எனக்கு எட்டு வருஷமும் கொஞ்சம் நஷ்டமும் ஆகியிருக்கின்றன.

கடை சின்னது. கண்டாங்கியும் மற்ற பருத்திச் சேலைகளும் விற்கிறோம். பாதி வியாபாரம் நேரில், மீதி வாட்ஸ்அப்பிலும் ஒரு சுமாரான வெப்சைட்டிலும். ஊரைவிட்டுப் போன குடும்பங்கள் நிறைய என்பதால் சிங்கப்பூர், மலேசியா ஆர்டர்களும் மாதத்துக்கு நாலைந்து வரும். 2016 நவம்பரில் நோட்டு செல்லாது என்று சொன்ன பிறகு, வேறு வழியில்லாமல் முதல் கியூஆரை ஒட்டினோம். அதற்கப்புறம் பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் சவுண்ட்பாக்ஸ், பேமெண்ட் லிங்க், வெப்சைட்டில் பணம் வாங்கித் தரும் கேட்வே, வெளிநாட்டுப் பணத்துக்குப் பேபால், கொரியர்காரர் பணம் வாங்கும் சிஓடி என்று எல்லாவற்றையும் பார்த்தாயிற்று.

புதிதாக விற்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "எத்தனை பர்சன்ட் பிடிப்பான்?" நானும் அதைத்தான் கேட்டேன். அந்தக் கேள்வியால் எனக்குப் பெரிய உபயோகம் இருக்கவில்லை. பிடிக்கிற சதவீதம் தெரிந்த செலவு, அதை விலையில் சேர்த்துக்கொள்ளலாம். கேட்க வேண்டியது வேறு: இந்தப் பணம் எந்த நாளிலிருந்து முழுசாக என்னுடையது, அதுவரைக்கும் அதை யார் யார் நிறுத்தலாம், யார் திரும்ப எடுக்கலாம், எடுத்தால் நான் யாரிடம் போய்க் கேட்பது? கல்லாவில் விழுந்த நோட்டுக்கு இந்தக் கேள்வி கிடையாது. ஆன்லைனில் வரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் உண்டு. கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு கணக்கை வைத்துத்தான்.

முதலில் சுவரில் ஒட்டும் கியூஆர். 2020 ஜனவரி 1 முதல் யுபிஐ மூலமாகவும் ரூபே டெபிட் கார்டு மூலமாகவும் வரும் பணத்துக்கு வியாபாரியிடம் எம்டிஆர் என்னும் கட்டணம் வாங்கக்கூடாது. நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் சேலை விற்றால் நாலாயிரத்து ஐந்நூறும் வரும். விதிவிலக்குகள் உண்டு. வாலெட்டில் இருக்கும் பணத்தை யுபிஐ வழியாக அனுப்பினால் 2000 ரூபாய்க்கு மேல் 1.1 சதவீதம் வரை ஒரு கட்டணம் 2023 ஏப்ரலில் இருந்து இருக்கிறது. ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்துக் கட்டினாலும் கட்டணம் உண்டு, சின்ன வியாபாரிக்கு 2000 வரை மட்டும் விலக்கு. எங்கள் கடையில் இந்த இரண்டும் குறைவு.

அதே சமயம் இலவசம் என்றால் யாரோ அதற்குக் காசு கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். 2000 ரூபாய்க்குள் சின்னக் கடைகளுக்கு வரும் யுபிஐ பணத்துக்கு 0.15 சதவீதம் ஊக்கத்தொகை என்று 2024-25க்கு 1500 கோடி ரூபாயை மத்திய அரசு ஒதுக்கியது. எம்டிஆர் திரும்ப வரப்போகிறது என்று 2025 ஜூனில் ஒரு பேச்சு கிளம்பி, நிதி அமைச்சகம் மறுத்தது. வரட்டும், வராமல் போகட்டும். நான் விலை போடும்போது ஒரு சதவீதத்தை மனசுக்குள் ஒதுக்கி வைத்துக்கொள்கிறேன்.

நன்மை என்று சொன்னால் சில்லறைப் பிரச்சனை போனது, கள்ள நோட்டுப் பயம் போனது, வங்கியில் போய் வரிசையில் நிற்பது போனது என்று எல்லோரும் சொல்வதைச் சொல்லலாம். எனக்குப் பெரிசாகத் தெரிவது வேறு ஒன்று. முன்பெல்லாம் ஒரு சேலைக்கு வந்த பெண் மூன்று சேலையைப் பிரித்துப் பார்ப்பார், மூன்றும் பிடித்துவிடும், "ஏடிஎம் போயிட்டு வர்றேன் தம்பி, எடுத்து வைங்க" என்று போவார். எடுத்து வைத்தது எடுத்து வைத்தபடியே இருக்கும். இப்போது அந்த நடை இல்லை. மனசு மாறுவதற்குள் பணம் வந்துவிடுகிறது. இதை வியாபார தந்திரம் என்று நினைத்தாலும் சரி, கடை ஓடுவது அதில்தான்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. முழுக் கணக்குப் புத்தகம் வைக்காமல், உத்தேச லாபம் காட்டி வருமான வரி கட்டும் சின்ன வியாபாரிக்கு ரொக்க விற்பனையில் 8 சதவீதம் லாபம் என்று வைத்துக்கொள்வார்கள். வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ வந்த விற்பனைக்கு 6 சதவீதம். வருஷம் முப்பது லட்சம் விற்றால் இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்குப் பதில் ஒரு லட்சத்து எண்பதாயிரம்தான் கணக்கில் வரும் லாபம். எங்கள் ஆடிட்டர் இதைச் சொல்லும்வரை எனக்கும் தெரியாது.

சரி, ஆபத்துக்கு வருவோம். சிறிசிலிருந்து பெரிசுக்குப் போகிறேன்.

பொய் ஸ்கிரீன். ஒரு பொங்கல் சமயம், கடையில் நிற்க இடமில்லை, அக்கா மகனைக் கல்லாவில் உட்கார வைத்திருந்தேன். ஒரு ஜோடி வந்து 3,800 ரூபாய்க்கு எடுத்தார்கள். போனைத் திருப்பிக் காட்டினார்கள்: பச்சை டிக், எங்கள் கடைப் பெயர், தொகை, நேரம் எல்லாம் சரியாக இருந்தது. நெட்வொர்க் மெதுவாக இருப்பதால் எங்கள் பக்கம் மெசேஜ் வரவில்லை என்று அவன் நினைத்துவிட்டான். ராத்திரி கணக்குப் பார்க்கும்போதுதான் அந்த 3,800 எங்கேயும் இல்லை என்று தெரிந்தது. அந்த மாதிரி ஸ்கிரீனைத் தயார் செய்து தரும் போலி ஆப்கள் இருக்கின்றன. பையனைத் திட்டிப் பயனில்லை, நானே இருந்திருந்தாலும் விட்டிருப்பேன்.

அதற்கு மறுவாரம் சவுண்ட்பாக்ஸ் வாங்கினோம். மாதம் நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வாடகை. இந்த ரிவ்யூவில் நான் கண்ணை மூடிக்கொண்டு "வாங்குங்கள்" என்று சொல்லும் ஒரே பொருள் அதுதான். பெட்டி பேசினால்தான் பை கைமாறும், இது கடை விதி, மாமனாராக இருந்தாலும். அதற்கு இன்னொரு உபயோகமும் இருக்கிறது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசம் கஜுராஹோவில் இரவோடு இரவாகப் பல கடைகளின் கியூஆர் மேல் வேறு ஒருவரின் கியூஆர் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனார்கள். காலையில் வாடிக்கையாளர்கள் ஸ்கேன் செய்த பணமெல்லாம் யாருக்கோ போனது. பெட்டி இருந்தால் முதல் ஆளிலேயே பிடிபட்டுவிடும், ஏனென்றால் அது வாயைத் திறக்காது. நான் இப்போது தினமும் கடை திறந்து சாமி படத்துக்குப் பத்தி கொளுத்தியதும் நகத்தால் கியூஆரின் ஓரத்தைச் சுரண்டிப் பார்க்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள்.

அப்புறம், வாங்குகிறவர் போல வரும் திருடர்கள். மொத்தமாக இருபது சேலை வேண்டும், நான் மிலிட்டரியில் இருக்கிறேன், அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்கள், பணம் உங்களுக்கு வந்துவிடும் என்பார்கள். பணம் நமக்கு வருவதென்றால் பின் நம்பரே போட வேண்டாம். பின் போட்டால் பணம் போகிறது என்று அர்த்தம். தனிநபர் ஒருவர் இன்னொருவரிடம் பணம் கேட்டு அனுப்பும் 'கலெக்ட் ரிக்வெஸ்ட்' வசதியை யுபிஐயை நடத்தும் என்பிசிஐ 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது, அதனால் ஒரு வாசல் அடைபட்டது. கியூஆர் வாசல் திறந்துதான் இருக்கிறது. எங்களுக்கு நெய்து தரும் ஒரு அண்ணன் வீட்டில் இப்படித்தான் ஒரு வாரக் கூலி போனது.

யுபிஐ படுத்துக்கொள்ளும் நாட்களும் உண்டு. 2025 மார்ச் 26, அப்புறம் ஏப்ரல் 12. அந்த ஏப்ரல் 12 சனிக்கிழமை, சித்திரை ஒன்றுக்கு இரண்டு நாள் முன்னால், அதுவும் மத்தியான நேரத்தில். சேலைக்கடைக்காரனுக்கு அதைவிட மோசமான நாள் வேண்டுமா? அன்றைக்குத் தெரிந்த முகங்களுக்குக் கடன் எழுதிக் கொடுத்தேன், தெரியாத முகங்களிடம் ரொக்கம் கேட்டேன், நாலைந்து பேர் போய்விட்டார்கள். அதற்காகத்தான் கல்லாப்பெட்டியில் இப்போதும் இரண்டாயிரம் ரூபாய்க்குச் சில்லறை வைத்திருக்கிறேன்.

இதெல்லாம் கொசுக்கடி. உண்மையில் வயிற்றைக் கலக்கியது கணக்கு முடக்கம்.

ஒரு நாள் நெசவுக்கூலி அனுப்பப் போனால் பணம் போகவில்லை. வங்கிக்குப் போனேன். "சைபர் கிரைம் லியன்" என்றார்கள், அதாவது சைபர் கிரைம் புகாரால் பணத்தை எடுக்க முடியாமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நடந்தது இதுதான்: வேறு மாநிலத்தில் யாரோ ஒருவரிடம் யாரோ பணத்தை ஏமாற்றிப் பறித்திருக்கிறார்கள். அவர் சைபர் கிரைம் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்து புகார் கொடுத்திருக்கிறார், நல்லதுதான். அந்தப் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்று, அங்கிருந்து நாலு கணக்கு என்று பிரிந்து போய், கடைசியில் ஒருவர் அதில் 2,600 ரூபாயை எடுத்து என்னிடம் சேலை வாங்கியிருக்கிறார். அவருக்கே தெரியுமோ தெரியாதோ. பணம் போன தடத்தில் இருக்கும் எல்லாக் கணக்கையும் நிறுத்தச் சொல்லி உத்தரவு வருகிறது, அதில் என் கணக்கும் ஒன்று. சிக்கலில் இருந்தது 2,600. முடங்கியது ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.

வங்கி மேலாளர் நல்ல மனிதர், ஆனால் அவர் கையில் ஒன்றுமில்லை, "அந்த ஊர் போலீஸ் லெட்டர் வந்தால்தான் சார்" என்றார். அந்த ஊர் போலீஸுக்குப் பில், கொரியர் ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து, தெரிந்த ஒருவரை வைத்து ஆங்கிலத்திலும் இந்தியிலும் கடிதம் எழுதி அனுப்பினேன். பத்தொன்பது நாள் ஆயிற்று. சந்தேகத் தொகை எவ்வளவு என்று சொல்லாமல் முழுக் கணக்கையும் முடக்குவது சரியில்லை, அந்தத் தொகையை மட்டும் நிறுத்தி வைக்கலாம் என்று 2024ல் சென்னை உயர் நீதிமன்றமே ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பைப் பற்றி எனக்குத் தெரிந்தது பத்தொன்பதாவது நாளுக்கு அப்புறம். இப்போது அதன் நகல் ஒன்று கடை ஃபைலில் இருக்கிறது.

அன்றிலிருந்து கியூஆர் ஒரு வங்கியில், கூலியும் மற்ற செலவும் போகும் கணக்கு இன்னொரு வங்கியில். வந்த பணத்தைக் கடை மூடும்போது அந்தப் பக்கம் மாற்றிவிடுகிறேன். இதில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை, இரண்டும் என் பெயரில்தான், இரண்டும் ஆடிட்டருக்குத் தெரியும். ஒரு கதவு பூட்டப்பட்டால் வீட்டில் சமையல் நின்றுவிடக்கூடாது, அவ்வளவுதான். ஒரு வேளை நீங்கள் இதுவரை படித்ததை மறந்துவிட்டு ஒரே ஒரு காரியம் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

இதே வரிசையில் ஜிஎஸ்டி பயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவை வைத்துச் சின்னக் கடைக்காரர்களுக்கு வரித்துறை நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூரில் கடைகளில் "நோ யுபிஐ, ஒன்லி கேஷ்" என்று எழுதி ஒட்டினார்கள். அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் கியூஆரைக் கிழித்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பொருள் விற்பவருக்கு வருஷம் 40 லட்சம் தாண்டினால்தான் பதிவு, வரியுள்ள பொருளை வெளிமாநிலத்துக்கு விற்றால் பொதுவாக அந்த வரம்பும் கிடையாது. பெங்களூருக்கு ஒரு சேலை கொரியரில் அனுப்ப ஆரம்பித்தபோதே நான் பதிவு செய்துவிட்டேன். பயப்பட வேண்டிய இடம் வேறு: தங்கச்சி கல்யாண மொய், சீட்டுப் பணம், மச்சான் திருப்பிக் கொடுத்த கைமாற்று எல்லாவற்றையும் கடை கியூஆரிலேயே வாங்கினால், நாளைக்கு எது விற்பனை, எது மொய் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். மொய் நோட்டை வரித்துறை அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும் நிலைமை வேண்டாம்.

அடுத்தது கேட்வே. வெப்சைட்டில் "பணம் செலுத்து" என்று அமுக்கினால் கார்டு, யுபிஐ, நெட்பேங்கிங் எல்லாம் வருமே, அதன் பின்னால் இருக்கும் கம்பெனி. பொதுவான விலை 2 சதவீதம், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 4,500 ரூபாய் சேலைக்கு 90, அதன் மேல் 16 ரூபாய் 20 காசு, ஆக கைக்கு 4,393 ரூபாய் 80 காசு. ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அந்த 16.20ஐக் கணக்கில் திரும்பக் காட்டிக்கொள்ளலாம். யுபிஐதான் இலவசமாயிற்றே என்று நினைத்துப் போகாதீர்கள், பல கேட்வேக்கள் பிளாட்பார்ம் ஃபீ என்று யுபிஐக்கும் அதே சதவீதத்தை வாங்குகின்றன. வாடிக்கையாளர் சேலையைத் திருப்பி அனுப்பினால் அவருக்கு முழுப் பணமும் போகும், உங்களிடம் பிடித்த 106 ரூபாய் பெரும்பாலும் திரும்பாது.

அந்தக் காசுக்கு என்ன கிடைக்கிறது? முன்பின் தெரியாதவர் நம்பி வாங்குகிறார். அது சின்ன விஷயமில்லை. என் போன் நம்பருக்கு ஜிபே பண்ணுங்கள் என்று சொன்னால் கோயம்புத்தூரில் இருக்கும் ஒருவர் ஏன் நம்ப வேண்டும்? ஆர்டரும் பணமும் தானாகப் பொருந்திவிடுகின்றன, ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்கிரீன்ஷாட்டையும் பேங்க் மெசேஜையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை இல்லை. கிரெடிட் கார்டு, இஎம்ஐ எல்லாம் உண்டு. ஆனால் மாதம் முப்பது ஆர்டருக்குக் கீழே என்றால் வெப்சைட் கூட வேண்டாம், வாட்ஸ்அப்பில் பேமெண்ட் லிங்க் அனுப்பினால் போதும், நான் இரண்டு வருஷம் அப்படித்தான் ஓட்டினேன்.

இப்போது என் கேள்விக்கு வருவோம், பணம் எப்போது என்னுடையது? கேட்வேயில் அது உடனே வராது. இரண்டு வேலை நாள் என்பார்கள், பொங்கல் விடுமுறையும் ஞாயிறும் சேர்ந்துகொண்டால் அது ஒரு வாரம் போல நீளும். அந்த இடைவெளியில் பணம் எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு நல்ல பதில் உண்டு: ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சில் போட்ட விதிப்படி, வியாபாரிகளுக்குச் சேர வேண்டிய பணத்தைப் பேமெண்ட் அக்ரிகேட்டர்கள், அதாவது இந்த மாதிரிக் கம்பெனிகள், தங்கள் சொந்தப் பணத்தோடு கலக்காமல் ஒரு வங்கியில் எஸ்க்ரோ என்னும் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். அதனால் சேருவதற்கு முன்னால் ரிசர்வ் வங்கியின் வெப்சைட்டில் அனுமதி பெற்றவர்கள் பட்டியலில் அந்தக் கம்பெனியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ரேஸர்பே போல எல்லோருக்கும் தெரிந்த பெயர் என்றாலும் பார்த்துவிட்டே சேருங்கள், ஐந்து நிமிஷ வேலைதான்.

ஆனால் எஸ்க்ரோவில் பத்திரமாக இருப்பதும் என் கையில் இருப்பதும் ஒன்றல்லவே. நான் முதலில் சேர்ந்த கம்பெனியில் (பெயர் வேண்டாம்) ஒரு தீபாவளிக்கு விற்பனை வழக்கத்தைவிட நாலு மடங்கு போயிற்று. சந்தோஷப்பட்டேன். அவர்களுடைய கம்ப்யூட்டர் சந்தேகப்பட்டது. "ரிஸ்க் ரிவ்யூ" என்று ஒரு மின்னஞ்சல், செட்டில்மெண்ட், அதாவது என் வங்கிக்குப் பணம் அனுப்புவது, நிறுத்தம். கேட்டால் சாட்டில் ஒரு பொம்மை பதில் சொல்கிறது, எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில். பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளும் ஆர்டர் வந்துகொண்டே இருந்தது, நான் சேலையை அனுப்பிக்கொண்டே இருந்தேன், நெசவாளருக்கும் கொரியருக்கும் கைப்பணத்திலிருந்து கொடுத்தேன். கடைசியில் பில்கள், சரக்கு வாங்கிய ரசீது எல்லாம் அனுப்பிய பிறகு மொத்தமாக விட்டார்கள், ஒரு ரூபாய் குறையவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் தீபாவளிக்கு முன்னால் தேவைப்பட்ட பணம் தீபாவளி முடிந்த பிறகுதான் வந்தது. இப்போது வேறு கம்பெனி. சேருவதற்கு முன்னால் அவர்களுடைய உதவி எண்ணுக்குச் சும்மா ஒரு தடவை போன் பண்ணிப் பார்த்தேன், மனிதர் எடுத்தார், அதற்காகவே சேர்ந்தேன். சீசனுக்கு இரண்டு வாரம் முன்னால் விற்பனை கூடும் என்று ஒரு மின்னஞ்சலும் போட்டுவிடுகிறேன்.

சார்ஜ்பேக் என்று ஒன்று இருக்கிறது. கார்டில் பணம் கட்டியவர் தன் வங்கியிடம் போய் "எனக்குப் பொருள் வரவில்லை" அல்லது "சொன்ன மாதிரி இல்லை" என்று சொன்னால் பணம் உங்களிடமிருந்து திரும்பப் போகும், ஆதாரம் காட்டி நீங்கள் போராட வேண்டும். கார்டு கம்பெனிகளின் விதிப்படி சாதாரணமாக நாலு மாதம் வரை இப்படிக் கேட்கலாம். நம் ஊர்க் கார்டுகளுக்கு ஓடிபி இருப்பதால் "நான் வாங்கவே இல்லை" என்ற வகை குறைவு. எங்களுக்கு வருவது நிறச் சண்டை. கண்டாங்கியில் அரக்கு என்று ஒரு நிறம், போன் ஸ்கிரீனில் அது ஒருவருக்கு மெரூனாகத் தெரியும், இன்னொருவருக்குத் தக்காளிச் சிவப்பாகத் தெரியும். ஒரு 4,200 ரூபாய் சேலையை இப்படி இழந்தேன், நான் அனுப்பியது இதுதான் என்று காட்ட என்னிடம் ஒன்றுமே இல்லை. இப்போது ஒவ்வொரு பார்சலும் வீடியோவில்தான் கட்டப்படுகிறது: சேலையைப் பகல் வெளிச்சத்தில் விரித்து, முந்தியைக் காட்டி, மடித்து, கவரில் போட்டு, கொரியர் ஸ்லிப் நம்பர் தெரிய ஒட்டுவது வரை ஒரே ஓட்டமாக, வெட்டாமல்.

பேபாலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள்ளே அது கிடையாது, வெளிநாட்டிலிருந்து வாங்கத்தான். கட்டணம் நாலு சதவீதத்துக்கு மேல், ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனியாக ஒரு நிலையான தொகை, அதற்கப்புறம் டாலரை ரூபாயாக்கும் விகிதத்திலும் ஒரு கடி. வாங்கியவர் புகார் எழுப்ப 180 நாள் அவகாசம். ஆறு மாதத்தில் ஒரு சேலை இரண்டு கல்யாணம், ஒரு வளைகாப்பு பார்த்துவிடும். டிராக்கிங் நம்பர் இல்லாமல் எதையும் அனுப்பாதீர்கள், பேபால் காட்டும் முகவரியைத் தவிர வேறு முகவரிக்கும் அனுப்பாதீர்கள், "அத்தை வீட்டுக்கு அனுப்பிடுங்க" என்று பிறகு வாட்ஸ்அப்பில் சொன்னாலும் சரி. இவ்வளவு சொன்னாலும் முதல் தடவை வாங்கும் வெளிநாட்டுக்காரருக்கு அந்தப் பெயர் கொடுக்கும் தைரியம் பெரிசு, அதனால் வைத்திருக்கிறேன். சிங்கப்பூரில் யுபிஐ மாதிரி இருக்கும் பேநவ் என்பதை 2023 பிப்ரவரியில் யுபிஐயோடு இணைத்தார்கள், அது ஆளுக்கு ஆள் அனுப்பும் பணத்துக்கான வழி. "அதுலேயே அனுப்பிடுறேனே" என்று கேட்பவர்களுக்கு வேண்டாம் என்கிறேன், ஏற்றுமதி வருமானத்துக்கு வங்கிக் காகிதம் ஒழுங்காக இருக்க வேண்டும்.

சிஓடி? பத்துப் பார்சலில் மூன்று திரும்பி வந்தது, போக வர கொரியர் காசு என் தலையில். இப்போது இருநூறு ரூபாய் அட்வான்ஸை யுபிஐயில் கொடுத்தால்தான் சிஓடி. திரும்பி வருவது கிட்டத்தட்ட நின்றுவிட்டது.

ஒரே இடத்தை நம்பாதீர்கள் என்பதற்கு 2024 நல்ல பாடம். ஜனவரி 31 அன்று பேடிஎம் பேமெண்ட்ஸ் பேங்க் மேல் ரிசர்வ் வங்கி நடவடிக்கை எடுத்தது, மார்ச் 15க்குப் பிறகு அந்த வங்கிக் கணக்குகளில் புதிதாகப் பணம் வாங்க முடியாது என்றாயிற்று. வேறு வங்கிக் கணக்கோடு இணைத்திருந்தவர்களின் கியூஆரும் பெட்டியும் வழக்கம்போல ஓடின, அந்த வங்கியிலேயே கணக்கு வைத்திருந்தவர்கள்தான் மாற்ற ஓடினார்கள். தங்கள் கியூஆர் எந்த வங்கியில் போய் விழுகிறது என்பதே தெரியாதவர்கள் எங்கள் தெருவில் பாதிப் பேர். உங்களுக்குத் தெரியுமா? இப்போதே பாருங்கள்.

வங்கியோ கம்பெனியோ புகாருக்கு முப்பது நாளில் பதில் சொல்லாவிட்டால், அல்லது சொன்ன பதில் சரியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் (குறை கேட்கும் அதிகாரி) ஆன்லைனில் புகார் செய்யலாம், காசு இல்லை. 2021 நவம்பரில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே திட்டமாக்கினார்கள். எல்லாக் கம்பெனியும் அதற்குள் வருவதில்லை, சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் எழுத்தில் புகார் கொடுத்து அந்த எண்ணை வைத்திருப்பது முக்கியம், போனில் கத்தியதெல்லாம் கணக்கில் வராது.

மார்க் போடச் சொன்னால்: சவுண்ட்பாக்ஸோடு சேர்ந்த கியூஆருக்குப் பத்துக்கு எட்டரை, அந்தக் கணக்கு முடக்கம் இல்லாவிட்டால் ஒன்பதரை போட்டிருப்பேன். இப்போதைய கேட்வேக்கு ஏழு, பழையதற்கு மூன்று. பேபாலுக்கு ஆறு. சிஓடிக்கு அட்வான்ஸோடு ஐந்து, அட்வான்ஸ் இல்லாமல் மார்க்கே கிடையாது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கேட்வேயிலிருந்து ஒரு மின்னஞ்சல். ஈப்போவுக்கு அனுப்பிய மஞ்சள் கண்டாங்கிக்கு ஒரு டிஸ்பியூட், அனுப்பி நூற்று மூன்று நாள் ஆகிறது, "கறையோடு வந்தது" என்று போட்டோ வைத்திருக்கிறார்கள். பெரிதாக்கிப் பார்த்தேன், முந்தியில் சாம்பார் மாதிரி இருக்கிறது. பார்சல் கட்டிய வீடியோ ஒரு நிமிஷம் நாற்பது விநாடி, முந்தி முப்பத்தைந்தாவது விநாடியில் வருகிறது, பளிச்சென்று இருக்கிறது. அனுப்பிவிட்டேன். பதில் வர ஏழு நாள் என்கிறார்கள்.